தெருவில் எல்லோரும் தனியார் பள்ளிக்கு அனுப்பினால் நாமும் அனுப்பத்தான் வேண்டுமா?

காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனையில் நின்றால் ஐந்தாறு நிறங்களில் சீருடைகளைப் பார்க்கலாம். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஒரு வேனில் ஒரு பையன், ஏறி உட்கார்ந்த உடனே ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். அவன் மூச்சு பட்ட இடம் மட்டும் கண்ணாடியில் வட்டமாக மங்கியிருக்கும். வேன் திரும்பும்போது தலை ஒருமுறை முட்டும், அப்போதும் கண் திறக்க மாட்டான். என் மூத்த பெண்ணும் மூன்று வருடமாக அப்படித்தான் போய் வருகிறாள்.

இப்போது சின்னவனைச் சேர்க்க வேண்டிய நேரம். மூத்தவளைச் சேர்த்தபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. புறநகருக்குக் குடிவந்த புதிது. பக்கத்து வீட்டில் கேட்டேன். "இங்கே எல்லோரும் தனியார்தான் அக்கா, வேற யாரும் யோசிக்கிறதே இல்லை" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் போய்ச் சேர்த்துவிட்டேன். அது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பன்னிரண்டு வருடத்தை "எல்லோரும்" என்ற ஒரு சொல்லை வைத்து முடிவு செய்திருக்கக் கூடாது. இந்தமுறை உட்கார்ந்து படித்தேன், கணக்குப் போட்டேன், நேரில் போய்ப் பார்த்தேன். இதே முடிவுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

"எல்லோரும்" என்றால் எத்தனை பேர்?

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அளவு நாட்டுக்கு நாடு நம்ப முடியாத அளவுக்கு மாறுகிறது. அமெரிக்காவில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேர். இங்கிலாந்தில் ஆறேழு பேர். ஆஸ்திரேலியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்தியாவிலும் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே மூன்றில் ஒரு பங்கு வரும். நெதர்லாந்தில் மூன்றில் இரண்டு பங்கு. பின்லாந்தில் மிகமிகக் குறைவு.

நெதர்லாந்துப் பெற்றோருக்கு அரசுப் பள்ளி மேல் நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தமா? இல்லை. அங்கே 1917-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தனியார் நடத்தும் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்குச் சமமாக நிதி தரத் தொடங்கினார்கள். அதனால் "தனியார்" என்ற பெயர் இருந்தாலும், பெற்றோர் கையிலிருந்து பெரிதாகப் பணம் போவதில்லை. சுவீடனிலும் 1992 முதல் அரசு பணத்தில் தனியார் பள்ளிகள் நடக்கின்றன, அவை பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதி போகிறது. இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிர். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரியே போட்டுவிட்டார்கள். (இங்கிலாந்தில் "பப்ளிக் ஸ்கூல்" என்றால் பழம்பெரும் தனியார் பள்ளி, அமெரிக்காவில் அதே சொல்லுக்கு அரசுப் பள்ளி. இரண்டு நாட்டுக் கட்டுரைகளை மாற்றி மாற்றிப் படிக்கும்போது இதில் நான் நன்றாகவே குழம்பினேன்.)

ஆக, ஓர் இடத்தில் எத்தனை பேர் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பது அந்த இடத்துச் சட்டத்தையும் பணப்போக்கையும் காட்டுகிறது. எந்தப் பள்ளியில் பாடம் நன்றாக நடக்கிறது என்பதை அது காட்டாது.

புறநகருக்கு வந்தால் இன்னொரு விஷயம். வசதியானவர்கள் வாழும் இடத்தில் தனியார் பள்ளிதான் அதிகமாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அமெரிக்காவில் புறநகரைவிட நகரத்துக்குள்தான் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் விகிதம் அதிகம். இதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே அரசுப் பள்ளிக்கு வரும் நிதியில் கணிசமான பகுதி அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. விலை உயர்ந்த வீடுகள் உள்ள புறநகரில் வரி அதிகம் சேரும், பள்ளிக்கும் அதிகம் போகும். இது ஏழைப் பகுதிகளுக்கு அநியாயம் என்று டெக்சாஸ் பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆக, புறநகர்க்காரர் கட்டணம் கட்டாமல் இருக்கலாம். ஆனால் வீடு வாங்கும்போதே அதைக் கட்டிவிட்டார். இது பற்றிக் கீழே மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதுவும் ஒரு தெரிவுதான்.

தெரு அளவில் பார்த்தாலும் "எல்லோரும்" என்பது கண்ணை ஏமாற்றும். வேன் ஹாரன் அடிக்கும், நம் கண்ணில் படும். நடந்து போகிற பிள்ளை எட்டே முக்காலுக்குச் சத்தமில்லாமல் கிளம்பிப் போகும், அப்போது நாம் வேலைக்குப் போயிருப்போம். மூத்தவளுக்கு மூன்று வருடம் வேன் ஏற்றிவிட்ட பிறகுதான், எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

கட்டணம் எதை வாங்குகிறது?

நமக்குத் தெரிய வேண்டியது இதுதான். தனியார் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண் அதிகம் வாங்குகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பள்ளியால் வந்ததா, வீட்டால் வந்ததா?

1966-இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வை நடத்தினார். பள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடக் குடும்பப் பின்னணிதான் படிப்பில் அதிகம் தெரிகிறது என்று அதில் வந்தது. 2018-இல் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து 15 வயது வரை தொடர்ந்து பார்த்த தகவல்களை எடுத்து அலசினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தவுடன் அந்த முன்னிலை காணாமல் போனது.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திராவில் 180 கிராமங்களில் செய்தது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்குத் தனியார் பள்ளிக்கான செலவு கொடுக்கப்பட்டது. குலுக்கல் என்பதால், "வசதியான வீட்டுப் பிள்ளைதானே நன்றாகப் படித்தது" என்ற வாதத்துக்கு இடமில்லை. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள்.

இதை வைத்து "தனியார் வீண்" என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அதே ஆய்வில் மறுபக்கமும் இருக்கிறது. அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளி செய்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, அதே அளவு கற்றுக்கொடுத்து, மீதி நேரத்தில் வேறு பாடங்களையும் நடத்தியிருக்கிறார்கள். அதாவது பள்ளிக்கூடம் என்ற முறையில் அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஆனால் கட்டணம் கட்டுகிற பெற்றோர் எதிர்பார்க்கிற "பெரிய வித்தியாசம்" அங்கே இல்லை. அது கிராமம், நம்முடையது புறநகர் என்று சொல்லலாம், சரிதான். ஆனாலும் பலகையில் உள்ள பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே என்ற அளவில் அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டு வருடக் கணக்கு

அட்மிஷன் நேரத்தில் எல்லோரும் முதல் வருடக் கட்டணத்தைத்தான் பார்க்கிறோம். "எப்படியாவது சமாளித்துவிடலாம்" என்று தோன்றும். நானும் அப்படித்தான் சமாளித்தேன். இப்போது காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாவது வருடக் கட்டணம், முதல் வருடத்தைப் போல இரண்டே முக்கால் மடங்குக்கும் மேல் இருக்கும். பன்னிரண்டு வருடமும் சேர்த்தால், முதல் வருடக் கட்டணத்தைப் போல 21 மடங்கு. பன்னிரண்டு வருடம் என்றால் பன்னிரண்டு மடங்கு என்று மனசு நினைக்கும், அந்த ஒன்பது மடங்கு வித்தியாசம்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு பிள்ளை என்றால் இரட்டிப்பு.

வேன், சீருடை, சுற்றுலா, ஆண்டு விழா உடை எல்லாம் இதில் சேரவில்லை. மூத்தவளின் பள்ளியில் ஒரு வருடம் நடுவில் "வசதி மேம்பாட்டுக்கு" என்று ஒரு தொகை கேட்டார்கள். என்ன வசதி என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. கட்டிவிட்டோம். பிள்ளை அங்கே படிக்கும்போது பெற்றோரால் வேறென்ன செய்ய முடியும்?

பாதியில் பணம் போதாமல் பள்ளியை மாற்ற நேர்ந்தால் அந்த வேதனை பிள்ளைக்குத்தான். எட்டாம் வகுப்பில் நண்பர்களை விட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. தனியார் என்று முடிவு செய்கிறவர்கள், இன்றைய சம்பளத்தில் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. முடியாது என்றால் அந்தப் பள்ளி உங்கள் கைக்கு எட்டாதது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கு, நேரம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்றால் 400 மணி நேரம். பள்ளி நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால், இது அறுபத்தைந்து பள்ளி நாட்களுக்கும் மேல். பள்ளி வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான நேரத்தை என் பெண் வேனில் உட்கார்ந்து கழித்திருக்கிறாள். அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாம், விளையாடியிருக்கலாம், சும்மா இருந்திருக்கலாம். மாலை ஐந்தரைக்கு வந்து இறங்குகிற பிள்ளையிடம் "ஹோம்வொர்க் எடு" என்று சொன்ன நாட்களை நினைத்தால் இப்போது மனசு கஷ்டப்படுகிறது.

வீடு மாறுவது

இதை நிறையப் பேர் தெரிவாகவே நினைப்பதில்லை. வீட்டு முகவரியை வைத்துப் பள்ளி ஒதுக்கும் இடங்களில், நல்ல அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வீடு பார்ப்பது தனியார் பள்ளிக்கு நேரடி மாற்று. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார ஆய்வாளர் 1999-இல் பாஸ்டன் புறநகர்களில் இதை அழகாக அளந்தார். பள்ளி எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டார். அதே தெரு, அதே மரம், அதே கடை, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் அதிகமாக உள்ள பள்ளியின் பக்கம் வீட்டு விலை 2.5 சதவீதம் கூடுதலாக இருந்தது.

கட்டணம் போனால் போனதுதான். வீட்டில் போட்ட பணம் வீட்டில் இருக்கும், விற்கும்போது திரும்பி வரலாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே செலவு. இரண்டு மூன்று பிள்ளை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பலமுறை தனியாரை வென்றுவிடும். ஆனால் கடன் வட்டியையும், வேலைக்குப் போய்வரும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி எல்லைகளை மாற்றி வரைவதும் உண்டு, அதைக் கேட்காமல் வீடு வாங்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைவிட எளிதான வழி கிடையாது. முகவரி பார்த்துப் பள்ளி ஒதுக்காத ஊர்களில் இந்த வழியே பொருந்தாது என்பதால் இதோடு விடுகிறேன்.

வீட்டிலேயே படிக்க வைப்பதும் உண்டு. ஒரு பெரியவர் முழு நேரமும் அதற்கென்றே இருக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். எங்கள் வீட்டில் அது முடியாது.

பக்கத்துப் பள்ளியின் பலம்

கோல்மன் பற்றிச் சொன்னேன் இல்லையா? அவரே பின்னால் 1980-களில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து, அங்கே பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது மற்ற பள்ளிகளைவிடக் குறைவு என்று கண்டார். ஏன் என்று தேடியபோது அவர் போய் நின்ற இடம், பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள் என்பது. ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். தன் மகனின் நண்பன் யார், அவன் அம்மா யார் என்று அங்கே ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும். மகன் வகுப்புக்கு மட்டம் போட்டால் யாராவது ஒருவர் அவர்களிடம் சொல்வார். கட்டடமோ பாடத்திட்டமோ அதைத் தரவில்லை, சுற்றி இருந்த மனிதர்கள் தந்தார்கள் என்பது அவருடைய விளக்கம்.

இதைப் படித்துவிட்டு எங்கள் தெருவை யோசித்துப் பார்த்தேன். அந்தக் கத்தோலிக்கப் பள்ளிகளில் இருந்தது, புறநகரில் வேன் பிடித்துப் பத்து திசையில் போகும் தனியார் பள்ளிகளில் இல்லை. மூத்தவளின் உயிர்த்தோழி இருந்தது நகரத்தின் மறுகோடியில். பிறந்தநாளுக்குத் தவிர இருவரும் பள்ளிக்கு வெளியே பார்த்துக்கொண்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வயதிலேயே ஒரு பெண் இருந்தாள், இருவருக்கும் பேச்சு கிடையாது. எட்டு மாதம் கழித்துத்தான் பெயரே தெரிந்தது. பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்து போகிற அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளோ சாயங்காலம் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒருவன் வீட்டில் புத்தகம் மறந்தால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்கிறான். அவர்களுடைய அம்மாக்கள் நால்வரும் ஆசிரியரை ஒன்றாகப் போய்ப் பார்க்கிறார்கள். நால்வர் சேர்ந்து போனால் எந்தப் பள்ளியிலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஆனால் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியரே வரவில்லை என்றால் இந்தப் பலம் எதற்கும் உதவாது. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்துகிறார், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, பெண் பிள்ளைகள் மதியம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்றால், கடன் வாங்கியாவது தனியாருக்கு அனுப்புகிற பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பேச்சுத் தாமதமோ கற்றலில் சிரமமோ உள்ள பிள்ளைக்கும் கணக்கு வேறு. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் போக வேண்டும். அது சில ஊரில் தனியாராக இருக்கும், சில ஊரில் அரசுப் பள்ளியாக இருக்கும், ஏனென்றால் தனியார் பள்ளி பலமுறை இப்படிப்பட்ட பிள்ளையை எடுக்கவே தயங்கும். மதம், மொழி போன்ற காரணத்துக்காகத் தனியாரைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் தனியார் பள்ளிப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் சமயம் சார்ந்த பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். அந்தக் காரணத்தை மதிப்பெண் கணக்கில் வைத்து எடைபோட முடியாது.

நான் பார்த்த நோட்டுகள்

பெற்றோரை அழைத்துச் சுற்றிக்காட்டும் விழா நாளில் பள்ளியைப் பார்க்கக் கூடாது, சாதாரண நாளில் போக வேண்டும் என்று முடிவு செய்து, ஒரே வாரத்தில் இரண்டு பள்ளிக்குப் போனேன். தனியார் பள்ளியில் வரவேற்பறை வரைதான் விட்டார்கள். அங்கே சுவர் முழுக்கக் கோப்பைகள். வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன், அனுமதி இல்லை என்றார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்றால் அது நியாயம்தான். மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை மட்டும் காட்டச் சொன்னேன். அழகாக அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டிக், ஒரு கையெழுத்து. தவறான விடை இருந்த இடத்திலும் அதே டிக்.

பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர் என்னை வகுப்பு வாசல் வரை கூட்டிப்போனார். கட்டடம் பழசு, ஒரு மூலையில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அங்கேயும் அதே நோட்டைக் கேட்டேன். அட்டை கிழிந்திருந்தது. கழித்தலில் கடன் வாங்க மறந்த ஓர் இடத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளை அதைச் செய்திருந்தது. அதற்கு மறுநாள் தேதியில் மறுபடி டிக்.

எல்லா அரசுப் பள்ளியிலும் இப்படி நோட்டு இருக்காது, எல்லாத் தனியார் பள்ளியிலும் அப்படி இருக்காது. வேறொரு புறநகரில் இதே இரண்டு நோட்டும் இடம் மாறி இருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது இந்த இரண்டு பள்ளிகளைப் பற்றித்தான், அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

என் தீர்ப்பு இது: தொடக்க வகுப்புகளில், நடந்து போகிற தூரத்தில் ஆசிரியர் ஒழுங்காக வரும் பள்ளி இருந்தால், அது அரசுப் பள்ளியே ஆனாலும், முதலில் அதைத்தான் பார்ப்பேன். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் புத்தகத்துக்கும் நீச்சலுக்கும் ஒதுக்குவேன், மீதியை உயர் வகுப்புக்குச் சேர்த்து வைப்பேன். அப்போது அறிவியல் ஆய்வகம், விருப்பப்பாடம் என்று பள்ளிகளுக்குள் உண்மையான வித்தியாசம் தெரியத் தொடங்கும், மாற்றினால் அர்த்தம் இருக்கும். மூத்தவளை இப்போது மாற்ற மாட்டேன். அவளுக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது, அவள் தோழி அங்கே இருக்கிறாள்.

சின்னவனுக்கு அடுத்த வாரம் அட்மிஷன். முதல் வகுப்பு டீச்சரிடம் கேட்க மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்: போன வருடம் இந்த வகுப்பில் நடுவில் ஆசிரியர் மாறினாரா, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள், ஆசிரியர் விடுப்பில் போனால் அன்றைக்கு வகுப்பை யார் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா, தன் இளைய மகளுக்காகத் தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.